போனுக்குப் பல் பிடித்துப் பார்த்தவர்

என் அக்கா ராமக்காளைப் பெண் பார்க்க வந்த அன்று, சென்னப்பன் மாமா அவளை ஒரே ஒரு தடவை சிரிக்கச் சொன்னாராம். வெட்கத்தில் அவளும் சிரித்துத் தொலைத்தாள். "பல்ல எண்ணியிருக்காருடா" என்று முப்பது வருடமாக அக்கா என்னிடம் புலம்புகிறாள். மாமா ஒரு நாளும் மறுத்ததில்லை.

மாமா இண்டூரில் மாட்டுத் தரகர். எதை வாங்கினாலும் அவருக்கு ஒரே முறைதான். முதலில் வயதைச் சொல்லும் பல், அப்புறம் சுழி, அப்புறம் நடை, கடைசியில் விலை. அக்காவுக்கு மிக்ஸி வாங்கப் போன இடத்தில் கடைக்காரரிடம் "இது எத்தனாவது ஈத்து, எத்தன கன்னு போட்டுது?" என்று கேட்ட மனிதர் அவர். கூடப் போன நான் அன்று வேறு கடைக்கு வந்தவன் போல நின்றுகொண்டேன். இண்டூர் பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது அல்லவா?

சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. தரகரும் மாட்டுக்காரரும் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும். உள்ளே முதலில் பிடிக்கிற விரல்கள் பத்தாயிரம், அடுத்துப் பிடிக்கிறவை ஆயிரம். சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்கும் தெரிவது துண்டு ஆடுவது மட்டும்தான். மாட்டுக்காரரிடம் பேசி முடித்த விலையைத் தரகர் அதே போலத் துண்டுக்குள் வாங்குகிறவருக்குச் சொல்வார். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஐநூறு ரூபாய் தரகு. மாமாவின் வாழ்க்கை மொத்தமும் அந்தத் துண்டுக்குள்தான் நடந்தது.

அவரிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. அதைப் பேசுவதற்குப் பயன்படுத்தியதைவிடக் கடிப்பதற்குத்தான் அதிகம் பயன்படுத்தினார். சந்தை விடிவதற்கு முன்பே கூடிவிடும். மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்க இரண்டு கையும் வேண்டும், டார்ச்சை யார் பிடிப்பது? போனைப் பல்லில் கவ்விக்கொண்டு அதன் வெளிச்சத்தில் பார்ப்பார். போனின் இரண்டு பக்கமும் மாமாவின் பல் தடம் அச்சாக விழுந்திருந்தது. அது போதும் என்றுதான் இருந்தார்.

போதாது என்று சொன்னவர் பென்னாகரம் பிரபாகர். பதினெட்டு கறவை மாடு வைத்திருப்பவர். இருபது வருடமாக அவர் தொழுவத்தில் கட்டியிருக்கிற ஒவ்வொரு மாடும் மாமா பிடித்துக் கொடுத்தது. இரண்டு மாதம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். அவரிடமிருந்து ஒரு நாள் போன் வந்தது.

"அண்ணா, சந்தைக்கு வர முடியாதுங்க. குரு இருக்கான் இல்லீங்க, அவன் மாட்ட வீடியோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பறான். வூட்ல படுத்துட்டே பாக்கறேன். நீங்களும் ஒரு போன் வாங்குங்க."

"பிரபாகரு, நான் பாத்தா நீ பாத்த மாதிரி இல்லியா?"

பிரபாகர், "தப்பா எடுத்துக்காதீங்க. துண்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்னு நாலு பேரு கேக்கறாங்க. மாட்டுக்காரன்கிட்ட ஒரு வெல, நம்மகிட்ட ஒரு வெலையாம். அடுத்த சந்தைக்கு ஒரு மாடு வேணுங்க. நீங்க வீடியோல காட்டுனா உங்ககிட்ட. இல்லீன்னா குருகிட்ட வாங்கிக்கறேன்" என்றார்.

நாலு பேர் என்று அவர் சொன்னது குரு ஒருத்தனைத்தான். மாமாவிடமே மூன்று வருடம் கயிறு பிடித்துத் தொழில் கற்றுக்கொண்டு, இப்போது தனியாகத் தரகு செய்கிறவன். மாமா அன்று சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். ஒரு மாடு போனால் போகட்டும். திருடன் என்ற பேச்சு சந்தையில் ஒரு தடவை நிலைத்துவிட்டால் அப்புறம் யார் அவர் கையைப் பிடிப்பார்கள்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் ஒன்றை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது. முப்பது வருடமாகத் துண்டுக்குள் கை விட்டவர் வெறும் ஐநூறோடு எழுந்து வந்திருப்பாரா?

"மாப்ள, வாங்கிடலாம்" என்றார் மறுநாள் காலையில். "ஆனா மொதல்ல டவரு. டவரு இல்லாத போனு, பால் இல்லாத மாடு."

சந்தைப் புளியமரத்தடிக்குப் போனோம். மூன்று பேரிடம் மூன்று கம்பெனி போனை இரவல் வாங்கி, ஒவ்வொன்றிலும் அக்காவின் நம்பருக்கு அடிக்கச் சொன்னார். முதல் போனில் மணியே அடிக்கவில்லை. இரண்டாவதில் குரல் விட்டு விட்டு வந்தது. மூன்றாவதில் அக்கா, "அடுப்புல பால் பொங்குது, கேக்குதா கேக்குதான்னு எத்தினி தடவதான் கேப்பீங்க, வேற வேல இல்லியா?" என்று பிடித்துக்கொண்டாள். மாமா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"திட்டு முழுசா வந்து சேந்துது. இந்தக் கம்பெனிதான்."

ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்கிறேன், இதைவிட நல்ல வழி எந்தப் படித்தவனும் சொல்லித்தர மாட்டான். போன் வாங்குகிறவர்கள் எல்லாரும் விளம்பரத்தைப் பார்த்து சிம் வாங்கிவிட்டு மொட்டை மாடியில் ஏறி நிற்கிறார்கள்.

தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் அப்துல் சுபான் பாயின் செல்போன் கடை. பாய் மூன்று போனை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

"அண்ணா, இது நாலு ஜிபி, இது ஆறு ஜிபி, இது எட்டு ஜிபி."

மாமாவின் முகம் மலர்ந்தது. தெரியாத ஊரில் தெரிந்த ஆளைப் பார்த்துவிட்டார். "நாலு பல்லு, ஆறு பல்லு, எட்டு பல்லு. எட்டு வேணாங்க பாய். எட்டுப் பல்லும் மொளச்சுட்டா அப்புறம் எறங்குமுகந்தான்."

"அண்ணா, எட்டுதாங்க ஒசத்தி. வெலயும் அதிகம்."

"வெலய ஏத்திச் சொல்லி கெழட்டு மாட்ட தள்ளி வுடற ஆளுங்கள நான் பாக்காததா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். மாமா அடுத்து ஒவ்வொரு போனையும் கவிழ்த்துப் போட்டுச் சுழி பார்த்தார். ஒன்றின் முதுகில் மூன்று கேமரா வட்டம். "மூணு சுழி. குடும்பத்துக்கு ஆகாது" என்று ஒதுக்கினார். ஆறு ஜிபி போனில் இரண்டு வட்டம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. "ஜோடிச் சுழி. லட்சணமா இருக்குது. கொஞ்சம் நடத்திக் காட்டுங்க." பாய் ஒரு வீடியோவை ஓடவிட்டு, விரலால் மேலும் கீழும் தள்ளிக் காட்டினார். நடையில் நொண்டல் இல்லை என்று மாமா ஒத்துக்கொண்டார். இப்படியாகப் பதினைந்தாயிரம் போக வேண்டிய இடத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் விலை சொன்ன போனில் வந்து நின்றார்.

"வூட்டுக்கு ஓட்டிட்டுப் போயி ரெண்டு வேள கறந்து பாத்துட்டு காசு குடுக்கறேன்."

"சீல் பிரிச்சா திரும்ப எடுக்க மாட்டோங்க அண்ணா."

"அப்ப கைய குடுங்க."

தோளிலிருந்து துண்டை எடுத்துவிட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் பாய் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "எங்க அப்பாவும் சந்தைல ஆட்டு யாவாரம் பண்ணவருதாங்க." கண்ணாடி மேஜைக்கு மேல், ஏசி காற்றில், துண்டு ஆடியது. ஹெட்போன் வாங்க வந்த மூன்று பேர் வாங்காமல் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் இருவரும் கையை உதறிச் சிரித்தார்கள். பில்லை மாமா நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எவ்வளவுக்கு முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சார்ஜர் பொட்டிக்குள்ள வராதுங்க. தனியா வாங்கிக்கணும்" என்று பாய் கொஞ்சம் தயங்கியபடிதான் சொன்னார். இதைக் கேட்டதும் எல்லா வாடிக்கையாளரும் சண்டைக்கு வருவார்களாம்.

மாமா சண்டைக்குப் போகவில்லை. "அதுதான மொற" என்றார். எங்கள் பக்கம் மாட்டை விற்கிறவர் கயிற்றைக் கொடுக்கமாட்டார். கயிற்றோடு கொடுத்தால் தொழுவத்து லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று பழைய கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். "மொற தெரிஞ்ச கம்பெனி" என்று பாராட்டிவிட்டு, தனியாக ஒரு சார்ஜர் வாங்கினார்.

சிக்கல் பிளானில்தான் வந்தது.

"இருவத்தெட்டு நாளைக்கு, தெனம் ஒன்னர ஜிபிங்க. முந்நூறு ரூபா."

"தெனம் ஒன்னரையும் நான் தீக்கலீன்னா?"

"ராத்திரி பன்னெண்டு மணியோட போயிடுங்க."

"போயிடும்னா? எங்க போவுது?"

"போயிடும், அவ்வளவுதாங்க."

"பாய், பால் மிச்சமானா தயிராக்கலாம், வெண்ண எடுக்கலாம். காசு குடுத்தது நானு. மிச்சம் எங்கியோ போவுதுன்னா, எவனோ குடிக்கறான்."

ஏழு வருடமாக என் ஒன்றரை ஜிபியில் முக்கால்வாசியை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எவனோ குடித்துக்கொண்டிருக்கிறான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பாய் கடைசியில், யாரும் கேட்காததால் அவரே மறந்துபோயிருந்த ஒரு பிளானைத் தேடி எடுத்தார். இருநூறு ரூபாய்க்கு மொத்தமாக இரண்டு ஜிபி, இருபத்தெட்டு நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் தீர்த்துக்கொள்ளலாம், பேசுவதற்குக் கணக்கில்லை.

"இது நம்ம சொம்புல இருக்கற பாலு. இத போடுங்க. அது என்னங்க இருவத்தெட்டு நாளு? மாசம் முப்பது இல்லியா?"

"கம்பெனி கணக்குங்க அண்ணா."

மாமா விரலை மடக்கி எண்ணினார். "மாடு செனையா இருக்கறது இருநூத்தி எம்பது நாளு. பத்து ரீசார்ஜுக்கு ஒரு கன்னுக்குட்டி. சரி, ஞாபகம் வெச்சுக்கலாம்."

பழைய போனைக் கொடுத்தால் முந்நூறு கழித்துக்கொள்வதாகப் பாய் சொன்னார். "கறவ நின்னுட்டா தள்ளி வுடற ஆளு நானில்ல" என்று மாமா அதை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகினார். மாட்டுத் தரகர் பேசுகிற பேச்சா இது?

வீட்டில் அக்கா போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இத்தன காசு போட்டு இது வேறயா" என்று முணுமுணுத்துவிட்டு, காலி அட்டைப்பெட்டியை மட்டும் எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "பொட்டி கெட்டியா இருக்குது" என்று பீரோவுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

கயிறு பிடித்துக் காய்த்துப்போன மாமாவின் கட்டைவிரலைப் போன் விரலாகவே மதிக்கவில்லை. அழுத்தினார், குத்தினார், கடைசியில் அதட்டினார். மூன்றாம் நாள் அக்காதான் சுண்டுவிரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். உடனே வேலை செய்தது. அதன்பிறகு மாமா சுண்டுவிரலால் மட்டும் போனைத் தொட்டார், மற்ற நாலு விரலும் டீக்கடையில் சூடான கிளாஸ் பிடித்தது போல விலகி நிற்கும். வீடியோ கால் மட்டும் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

சந்தை நாள் வந்தது. அதிகாலை நாலரை மணி, நல்ல இருட்டு. மாமா ஒரு செவலை மாட்டைப் பார்த்து நின்றுவிட்டார். இரண்டாவது ஈத்து, ஆறு பல், மடி பார்க்கவே கண் நிறைந்தது. மாட்டுக்காரர் மாதையன், ஏரியூர் பக்கத்து ஆள். துண்டு விழுந்தது, ஆடியது, பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. மாமா கயிற்றை என் கையில் கொடுத்தார். வாங்குகிற ஆளிடம் கேட்டு முடிக்கும்வரை தரகர் மாட்டை விட்டு ஓரடி நகரக் கூடாது. நகர்ந்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம், வேறு யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அதற்காகவே குரு நாலடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவனைச் சுற்றி ஏழெட்டுத் தரகர்கள். புதுப் போனோடு மாமா வந்த செய்தி அதற்குள் சந்தை முழுக்கப் பரவியிருந்தது.

சுண்டுவிரலால் பிரபாகரைக் கூப்பிட்டார். கட்டுப் போட்ட காலோடு பிரபாகர் கட்டிலில் தெரிந்தார். மாட்டை மூக்கிலிருந்து வால் வரை காட்டியாயிற்று.

"மாடு அருமைங்க அண்ணா. வெல?"

இப்போதுதான் மாமா திகைத்து நின்றார். வாயால் சொன்னால் சுற்றியிருக்கும் அத்தனை காதும் கேட்கும். "டைப் பண்ணி அனுப்பிடலாம் மாமா" என்று கிசுகிசுத்தேன்.

"எழுதுனா நிக்கும் மாப்ள. நாளைக்கு எவனாவது எடுத்துக் காட்டுவான். வெரல்தான் நிக்காது."

சொல்லிவிட்டு வெள்ளைத் துண்டை எடுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். உள்ளே இடது கையில் போன், வலது கை விரல்கள் கேமராவுக்கு எதிரே. துண்டுக்குள்ளிருந்து பிரபாகரின் குரல் வந்தது. "அண்ணா, ஒரே கருப்பா இருக்குதுங்க. ஒண்ணும் தெரியல."

மாமா ஒரு நிமிடம் யோசித்திருப்பார். பிறகு கை இடுப்புக்குப் போனது. பழைய பட்டன் போன் வெளியே வந்தது, துண்டுக்குள் போனது. பல வருடப் பழக்கம், பல்லில் கவ்விக்கொண்டு டார்ச்சைப் போட்டார்.

பளிச்சென்று துண்டு வெளுத்தது. அந்த இருட்டில், வெள்ளைத் துணியில், மாமாவின் கை நிழல் சுரைக்காய் அளவுக்குக் கருப்பாகத் தெரிந்தது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. உள்ளே இருந்த மாமாவுக்கு மட்டும் இது தெரியாது. நான் "மாமா!" என்று கத்துவதற்குள் விரல்கள் எழுந்துவிட்டன.

சந்தையே திரும்பிப் பார்த்தது. குரு எட்டி எட்டிப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அந்த விரல்களைத்தான் எண்ணினேன்.

"அஞ்சு" என்றார் மாதையன் வாய்விட்டு. விரல்கள் மடங்கி, மறுபடி எழுந்தன. "நாலு."

மாதையன் சுற்றிலும் பார்த்துக் கத்தினார். "அம்பத்தி நாலு! எங்கிட்ட புடிச்சதும் அம்பத்தி நாலுதாங்க! ஒரு ரூபா ஏத்தலீங்க!"

அத்தனை தரகர்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். துண்டுக்குள்ளிருந்து பிரபாகரின் குரல் அதையும் மீறி வந்தது. "என்னங்க அண்ணா சத்தம்? அம்பத்தி நாலே இருக்கட்டுங்க. இதே செவலைய குரு நேத்து மாட்டுக்காரர் வூட்ல போயி வீடியோ எடுத்து, அம்பத்தெட்டுன்னு அனுப்பிச்சிருக்கான்!"

"அடப்பாவி" என்று மாதையன் திரும்பினார். "எங்கிட்ட அம்பதுதான சொன்ன?"

குரு நின்ற இடத்தில் குரு இல்லை.

துண்டை எடுத்துவிட்டு வெளியே வந்த மாமாவுக்கு நடந்தது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. வாயில் கவ்விய போனோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். புரிந்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கண் சிவந்துவிட்டது. "துண்ட தூக்கிப் பாத்துட்டீங்களேடா" என்றார். "தொழில் மானமே போச்சு." நேர்மையானவர் என்று ஊரே பார்த்துவிட்ட வெட்கத்தில் அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறு வாரம் முதல் மாட்டுக்காரர்கள் அவர் கையைப் பிடிக்க வரிசையில் நின்றார்கள் என்பதை அவர் சொல்லமாட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருபத்தெட்டாம் நாள் பிளான் முடிந்தது. அன்று நான் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாமா போனை வைத்துக்கொண்டு, சந்தைக்குப் போய்வந்து ரீசார்ஜ் பண்ணலாமா, இன்றைக்கே பண்ணலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கையில் காசில்லை என்பதைத்தான் அவர் அப்படி யோசிப்பார்.

அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். அந்தக் கதை காதுக்கு எட்டியதிலிருந்தே ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள்.

"ஏங்க, அந்தத் துண்டுக் கத நெசமா? ரெண்டு பக்கமும் ஐநூறு ஐநூறுதானா? மேல ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

"முப்பது வருசமாவா?"

"முப்பது வருசமா."

அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க எங்கியோ ஒரு காசு முடிச்சு வெச்சிருக்கீங்க, ஒரு அவசரத்துக்கு ஆவும்னு நான்பாட்டுக்கு தெம்பா இருந்தனே!"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருடத்தில் அவரை யாரும் இவ்வளவு மோசமாகத் திட்டியதில்லை.

அக்கா எழுந்து பீரோவுக்குப் போனாள். அந்தப் போன் பெட்டியைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்து, இரண்டு நூறு ரூபாய் நோட்டை உருவி மாமாவிடம் நீட்டினாள். "ரீசார்ஜ் பண்ணுங்க. பிரபாகரு கூப்புடுவாரு."

மாமா நோட்டைப் பார்க்கவில்லை. மூடி திறந்த அந்த ஒரு நொடியில் பெட்டிக்குள் பார்த்துவிட்டார். "இது ஏது?"

"நம்ம மாட்டுப் பால சொசைட்டிக்கு ஊத்தி சேத்த காசு. உங்கள மாதிரியா இருப்பாங்க எல்லாரும்?"

"எத்தினி இருக்குது?"

அக்கா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். கூடப் பிறந்த தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தன் வலது கை மேல் போட்டுக்கொண்டு, கையை மாமாவிடம் நீட்டினாள். மாமா உள்ளே கையை விட்டார்.

முந்தானை ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்தது மாமாவின் முகம் மட்டும்தான். அது இதுவரை எந்தச் சந்தையிலும் நான் பார்க்காத முகம்.

"இன்னொரு தடவ புடி" என்றார் மாமா.